சேலைக்குப் பின்னால எந்தப் பெட்டி?

வா மக்கா, உக்காரு. திண்ணையில தூசி கெடக்கும், தட்டிட்டு உக்காரு. எதுக்கு மொபைல எம் மூஞ்சிக்கு நேரா நீட்டுதே? பொறு, கண்ணாடிய மாட்டிக்கிடுதேன்.

ஆங்... ஸ்பீக்கர் பெட்டி. ரெண்டு பெட்டி. கறுப்பா, பளபளன்னு, கோயில் வாசல்ல நிக்கிற பூதம் மாதிரி நிக்கி. வெல என்ன போட்டிருக்கான்? ஜோடி 8 லட்சமா? ஏலே, பாட்டுக்காரியும் சேந்து வருவாளா, இல்ல வெறும் பெட்டிதானா?

சிரிக்காத. நெசமாத்தான் கேக்கேன். 8 லட்சம் இருந்தா நம்ம ஊரு அம்மன் கோயில் கொடைய வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், வாண வேடிக்கையோட நடத்திப்புடலாமே. பாட்டுக்காரங்களே ஓம் வீட்டு வாசல்ல வந்து பாடிட்டு, சாப்பிட்டுட்டுப் போவாங்க.

பேங்குல கடன் வேற கேட்டிருக்கியாம். ஒங்கப்பன் வந்து பொலம்பிட்டுப் போறான். எனக்கு மருமவன் மொறை, அவன் பொலம்புனா நான் சும்மா இருக்க முடியுமா? அதான் ஒன்னைய வரச் சொன்னேன்.

கெழவனுக்கு ஸ்பீக்கரப் பத்தி என்ன தெரியும்னு மனசுக்குள்ள நெனைக்க. நெனைச்சுக்கோ. 1974ல மைக் செட்டு போட ஆரம்பிச்சவன்லே நான். அம்பாசமுத்திரம் பக்கம் சுத்துப்பட்டி எல்லாத்துலயும் கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கொடை, எலெக்சன், எதுன்னாலும் நம்ம குழாய் ஸ்பீக்கர்தான் பேசும். சைக்கிள் கேரியர்ல ஆம்ப்ளிபயர், தோள்ல குழாய். வேப்பமரத்துல ஏறிக் கட்டி, பக்கத்து ஊரப் பாத்துத் திருப்பி வச்சுட்டு எறங்குவேன். நம்ம ஊருக்காரன் கேக்கவா குழாய் கட்டுதோம்? பக்கத்து ஊருக்காரன் வயிறு எரியணும்லா!

அத மறந்துராத. வெல ஒசந்த பெட்டியும் பாதி நேரம் பக்கத்து வீட்டப் பாத்துத்தான் திரும்பியிருக்கும்.

சரி, ஓம் பெட்டிக்குள்ள என்ன இருக்கு? தொறந்து பாத்திருக்கியா? நான் தொறந்திருக்கேன். கம்பி அறுந்த சுருள நூறு தடவை கையால சுத்திக் கட்டியிருக்கேன். ஒரு காந்தம். காந்தத்துக்கு நடுவுல ஒரு கம்பிச் சுருள். சுருளோட ஒட்டுன ஒரு கூம்பு. பாட்டு கரண்டா வரும். சுருள் முன்ன பின்ன ஆடும். கூம்பு காத்தத் தள்ளும். காது கேக்கும். தீந்துது சோலி.

இந்த வித்தைய 1925ல அமெரிக்காவுல ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி ஆளுங்க ரெண்டு பேரு சீர்பண்ணி எழுதி வச்சாங்க. ரைஸ்னு ஒருத்தர், கெல்லாக்னு ஒருத்தர். நீ காலையில பால ஊத்தித் திங்குதியே, அந்தச் சோளப்பொரி கெல்லாக் இல்லலே, இவரு வேற. நூறு வருசம் ஓடிட்டு. ஓம் 8 லட்சத்துக்குள்ளயும் அதே காந்தம், அதே சுருள், அதே கூம்புதான். காகிதம் போயி கார்பன் வந்திருக்கும். காந்தம் வலுத்திருக்கும். ஆட்டம் அதே ஆட்டம்.

இன்னொண்ணும் கேளு. வீட்டு ஸ்பீக்கருக்கு 100 வாட்டு ஊட்டுனா, சத்தமா வெளிய வாரது ஒண்ணோ ரெண்டோ வாட்டுதான். மிச்சம் பூரா சூடு. ஊட்டுத சோத்துல இம்புட்டத் தூத்துத மாட்ட எவனாவது தொழுவத்துல வைப்பானா? நம்ம குழாய் அப்படியில்ல. கொஞ்சம் ஊட்டுனாலே ரெண்டு ஊர எழுப்பும். தொனி தகரம் மாதிரிதான் இருக்கும், ஒத்துக்கிடுதேன். ஆனா சத்தத்துக்குத்தான் துட்டுன்னா, ஒரு குழாய் போதும்.

எம் பேத்தி இஞ்சினீயருக்குப் படிச்சவ. ஒலகத்துல வெல கூடுன பெட்டியெல்லாம் எப்படி இருக்கும்னு பாத்துச் சொல்லுத்தான்னேன். கலிபோர்னியாவுல மேஜிகோன்னு ஒரு கம்பெனியாம். எம்9னு ஒண்ணு செய்யுதான். வந்த புதுசுல ஜோடி 7,50,000 டாலர். இன்னைக்கு நம்ம துட்டுல 6 கோடிக்கு மேல போவுது. ஒரு பெட்டி 1,000 பவுண்டு கனம், அதாவது நாலரைக் குவிண்டால். ஆளு ஒசரத்துக்கு மேல நிக்குமாம். யூட்டா பக்கம் வில்சன் ஆடியோன்னு இன்னொரு கம்பெனி. அவங்க மாஸ்டர் க்ரோனோசானிக் 2017ல ஜோடி 6,85,000 டாலருக்கு வந்துச்சு. அம்மாடி! நம்ம மச்சு வீட்டுல தூக்கி வச்சா என்ன ஆவும்? பாட்டு மாடியில கேக்கும், பெட்டி அடுக்களையில கெடக்கும்.

ஏன் தாத்தா அம்புட்டுக் கனம்னு நீ கேக்கணும். கேக்க மாட்டே. வெலையப் பாத்தே வாயப் பொளந்துட்டு நிக்கெ. நானே சொல்லுதேன். கூம்புதான் ஆடணும், பெட்டி ஆடக் கூடாது. பெட்டியும் சேந்து ஆடுச்சுன்னா, வில்லுப்பாட்டுல புலவரு பாடும்போது பக்கத்துல பந்தக்காரன் முனங்குத மாதிரி ஆயிரும். அதுக்குத்தான் அலுமினியம், கார்பன்னு போட்டு எழைச்சு, பெட்டி வாயத் தைச்சு வச்சிருக்கான். கடையில போயி பெட்டியோட விலாவுல விரல்முட்டியால தட்டிப் பாரு. தேங்காயத் தட்டிப் பாக்க மாட்டோமா? டொம்முன்னு பேசுனா வேண்டாம். கல்லத் தட்டுன மாதிரி கம்முன்னு கெடந்தா நல்ல பெட்டி. இதுக்கு எவனும் துட்டு கேக்க மாட்டான்.

மொத்தமும் ஏமாத்துன்னு நான் சொல்லல, கேட்டியா. வேலை சுத்தமான வேலை. ஓம் மேசையில கெடக்கே 500 ரூவாப் பிளாஸ்டிக் டப்பா, அது பாடுதது பாட்டே இல்ல, பல்வலி. அதுல இருந்து ஒரு 30,000 ரூவாப் பெட்டிக்குப் போறது தாமிரபரணியத் தாண்டுத தூரம். அக்கரையில காலு வைக்கும்போதே தெரியும், இது வேற மண்ணுன்னு. 30,000ல இருந்து 8 லட்சத்துக்குப் போறது வாய்க்காலத் தாண்டுத தூரம். 8 லட்சத்துல இருந்து 6 கோடிக்கு? வரப்பத் தாண்டுத தூரம். ஆனா தூரம் கொறையக் கொறைய ஓடக்காரன் கூலி மட்டும் ஏறிக்கிட்டே போவும். வரப்பத் தாண்ட 6 கோடி குடுத்துட்டு, எப்படி இருந்துச்சுன்னு கேட்டா எவன் சும்மாதான் இருந்துச்சுன்னு சொல்லுவான்?

காதுக்கு வாரேன். பொறந்த புள்ளைக்கு நொடிக்கு 20 ஆட்டத்துல இருந்து 20,000 ஆட்டம் வரைக்கும் கேக்கும். வயசு ஏற ஏற மேல இருந்து உதிர ஆரம்பிச்சுரும். அம்பது தாண்டுனவங்கள்ல பல பேருக்கு 12,000க்கு மேல இருட்டுதான். எனக்கு எழுவது தாண்டிட்டு. குக்கர் விசில் அடிக்கறதே ஒங்க ஆச்சி சொல்லித்தான் தெரியும். இப்போ நீ சொல்லு, 6 கோடி யாருகிட்ட இருக்கும்? இருவது வயசுப் பயகிட்டயா? முறுக்கு வாங்கத் துட்டு சேருத அன்னைக்குப் பல்லு போயிருதுலே. முறுக்குக் கடைக்காரனுக்கு இது தெரியாதுன்னா நெனைக்க?

சரி, பல்லும் இருக்கு, முறுக்கும் இருக்கு. எங்க வச்சுத் திங்கப் போறே? ஓம் கூடத்தப் பாத்தேன்லா, கிரகப்பிரவேசத்துல. தரை பூரா வழுவழுன்னு கல்லு. ஒரு பக்கம் முழுசும் கண்ணாடி. சன்னல்ல ஒரு திரை இல்ல. நடு வீட்டுல நின்னு ஒரு தடவ கையத் தட்டு. டங்குன்னு திரும்பி வருதா? ஓம் 8 லட்சமும் அப்படித்தான் திரும்பித் திரும்பி வந்து ஒண்ணு மேல ஒண்ணு விழும்.

ஒரு தடவ ஒரு தகரக் கொட்டகையில கல்யாணம். நம்ம செட்டுதான். நாயனக்காரரு வாசிக்கறது எனக்கே வெளங்கல. மாப்பிள்ள வீட்டுக்காரன் செட்டு சரியில்லைன்னு எங்கிட்ட எகிறுதான். நான் ஒண்ணும் பேசல. நெல்லுக் கடையில இருவது சாக்கு வாங்கியாந்து சுவத்துல தொங்க விட்டேன். குழாய ஒரு முழம் தள்ளிக் கட்டுனேன். தெளிஞ்சிட்டு. அதே செட்டு, அதே நாயனம். மாப்பிள்ள வீட்டுக்காரன் வந்து, இப்பம்தான் நல்ல செட்டு கொண்டாந்திருக்கேன்னான். நானும் ஆமான்னேன்.

கொட்டுச் சத்தம் இருக்கே, அதோட அலை நீளம். நொடிக்கு 50 ஆட்டம்னா ஒரு அலை கிட்டத்தட்ட 7 மீட்டர். ஓம் கூடம் எத்தன அடி? பதினாலா? யானையக் கொண்டாந்து ஆட்டுத் தொழுவத்துல கட்டுனா எங்கன திரும்பும்? மூலையில பெட்டிய வச்சா கொட்டு வீங்கிப் போவும், சாமியாடி கெணத்துக்குள்ள இருந்து அருள்வாக்கு சொல்லுத மாதிரி. சுவத்த விட்டு ரெண்டு அடி தள்ளி வை. தரையில ஜமுக்காளத்த விரி. சன்னலுக்கு ஆச்சியோட பழைய போர்வையத் தொங்க விடு. புத்தக அலமாரி ஒண்ணு வை. வாசிக்காட்டியும் பரவால்ல, சத்தத்தக் குடிக்கும். இதுக்கு எந்தக் கடையில கடன் வாங்கணும்?

இதெல்லாம் பெட்டி விக்கிறவங்க சொல்ல மாட்டாங்க. வேற கதை சொல்லுவாங்க. பேத்தி வாசிச்சுக் காட்டுனா, எனக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் பொறை ஏறிட்டு. ஒயரு தரையில படக் கூடாதாம், அதுக்கு அடியில முக்காலி வைக்கணுமாம். நாங்க கட்டுன ஒயரு மாட்டுக் கொட்டடி வழியா, சாணி மேல போயிருக்கு. அம்மன் பாட்டுல சாணி நாத்தம் அடிக்குதுன்னு ஒருத்தரும் சொல்லலையே!

12 அடி ஒயரு 7,250 டாலருக்கு வித்தானாம் ஒருத்தன். ஜேம்ஸ் ராண்டின்னு ஒரு மாயவித்தைக்காரரு. கண்கட்டு வேலை செஞ்சே பொழைச்சவரு, அதனால அடுத்தவன் கட்டுதது அவரு கண்ணுக்குத் தப்புனதில்ல. 2007ல அவரு சவால் விட்டாரு. இந்த ஒயருக்கும் சாதா கடையில விக்கிற ஒயருக்கும் வித்தியாசத்தக் காதால கேட்டே சொல்லிருங்க, 10 லட்சம் டாலர் தாரேன்னாரு. எவனாவது வாங்குனானா? ஒருத்தனும் வாங்கல. ஒயரு விக்க வாய் இருந்துச்சு, கேட்டுச் சொல்லக் காது இல்ல.

அப்புறம், புதுப் பெட்டிய நூறு மணி, எரநூறு மணி நேரம் பாட விட்டுப் பழக்கணுமாம். அதுக்கப்புறந்தான் தொனி விரியுமாம். புதுச் செருப்பு ரெண்டு நாள் கடிக்கும், மூணாம் நாள் கடிக்காது. பழகுனது செருப்பா, காலா? கடைக்காரனுக்கு எரநூறு மணி நேரம் எதுக்குன்னு யோசி. திருப்பிக் குடுக்குத கெடு தாண்டணும்லா.

பாட்டுக்காரி மூச்சு விடுததும் கேக்கும், வயலின்காரன் எங்க உக்காந்திருக்கான்னு கையக் காட்டலாம், இருட்டு வெல்வெட் மாதிரி இருக்கும்... இப்படி எழுதுதாங்க. ஏலே கோட்டிப் பயலே, மூச்சு விடுதது கேக்கணும்னா மார்கழி மாசம் ஒங்க ஆச்சிக்குப் பக்கத்துல படு. ராத்திரி பூரா கேக்கும். துட்டும் இல்ல.

நீ கேக்குத பாட்டையெல்லாம் ஸ்டுடியோவுல எந்தப் பெட்டியில கேட்டு முடிவு பண்ணுனாங்கன்னு தெரியுமா? யமஹாக்காரன் 1978ல என்எஸ்-10னு ஒரு சின்னப் பெட்டி செஞ்சான். வெள்ளைக் கூம்பு. வீட்டுக்குன்னு செஞ்சது. வீட்டுக்காரங்க அவ்வளவா சீண்டல. ஆனா ஒலகம் பூரா ஸ்டுடியோக்காரங்க தூக்கி மேசையில வச்சுக்கிட்டாங்க. ஏன்? கொஞ்சங்கூட மொகஸ்துதி பண்ணாது. பாட்டுல குத்தம் இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லும், மாமியா மாதிரி. கீச்சுச் சத்தம் கொஞ்சம் தூக்கல். அதுக்கு என்ன செஞ்சாங்க தெரியுமா? மேல இருக்கிற சின்ன ஸ்பீக்கருக்கு முன்னால டிஷ்யூப் பேப்பர ஒட்டிட்டு வேலையப் பாத்தாங்க. நெசமா! பெரிய பெட்டியும் ஸ்டுடியோ சுவத்துல இருக்கும், இல்லேங்கல. ஆனா எத்தனையோ பாட்டு அந்தக் கைக்குட்டைக் காகிதத்துக்குப் பின்னால இருந்துதான் தேறி வந்திருக்கு. சமைச்சவன் மண்சட்டியில ருசி பாத்தான். நீ தங்கக் கரண்டி இல்லாம ருசி தெரியாதுங்கெ.

இப்போ ஒரு ரகசியம் சொல்லுதேன். ஒங்கப்பன்கிட்டகூடச் சொன்னதில்ல.

ஒரு வருசம் கொடைக்கு முன்னால, தொழில்ல எனக்குப் போட்டியா ஒருத்தன் புதுச் செட்டு எறக்கிட்டான். எங்கிட்டத் துட்டு இல்ல. ராத்திரியோட ராத்திரியா என் நாலு பழைய குழாயையும் தேய்ச்சு, சில்வர் பெயிண்டு அடிச்சு, ஓரத்துல செவப்புக் கோடு ஒண்ணு இழுத்தேன். காலையில ஊருக்குள்ள கொண்டு போனா நெலாத் துண்டு மாதிரி மின்னுது. சீமைச் செட்டுன்னு சொல்லி, 50 ரூவா கூடக் கேட்டேன். குடுத்தாங்கலே! ராத்திரி வில்லுப்பாட்டு. ஊர்ப் பெரியாளு வந்து தோள்ல தட்டி, என்னடே, புலவரு எங் காதுகிட்ட உக்காந்து பாடுத மாதிரில்லா இருக்குன்னாரு. அதுக்கு முந்துன வருசம் அதே குழாயத்தான் கரகரங்குதுன்னு திட்டுனாரு. பொய் சொல்லல மனுசன். அவருக்கு நெசமாவே அப்படித்தான் கேட்டிருக்கு.

ரொம்ப நாள் அத நெனைச்சு எனக்குக் குத்த உணர்ச்சி. பேத்திகிட்ட ஒரு நாள் சொன்னேன். அவ சிரிச்சுட்டு, தாத்தா, இத வெள்ளக்காரன் பரிசோதனையாவே பண்ணியிருக்கான்னா. 1994ல ஸ்பீக்கர் செய்யுத ஹார்மன் கம்பெனியில ஃபிளாய்ட் டூல், சீன் ஆலிவ்னு ரெண்டு பேரு. பெட்டிகளத் திரைக்குப் பின்னால வச்சு அவங்க கம்பெனி ஆளுங்களையே கேக்க வச்சாங்க. மார்க்கு போடுன்னாங்க. இன்னொரு தடவ திரையில்லாம, அதே பெட்டிகளக் கண்ணால பாத்துக்கிட்டே கேக்க வச்சாங்க. என்ன ஆச்சு? பெரிய, அழகான பெட்டிக்கு மார்க்கு ஏறிட்டு. சின்ன, மலிவுப் பெட்டிக்கு மார்க்கு எறங்கிட்டு. பெட்டி மாறல, பாட்டு மாறல. காது மாறுச்சா? கண்ணு உள்ள பூந்துட்டு. காது கேக்குததுக்கு முன்னாலயே கண்ணு தீர்ப்பு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருது.

அன்னைக்கு ராத்திரிதான் நான் நிம்மதியாத் தூங்குனேன். நான் ஏமாத்தலலே, ஆராய்ச்சி பண்ணியிருக்கேன்.

அதனால ஒனக்கு ஒண்ணு சொல்லுதேன், கேளு. 8 லட்சத்துப் பெட்டிய வாங்காதன்னு சொல்ல மாட்டேன். சொன்னா இன்னைக்கே வாங்கிருவே. கடைக்காரன்கிட்ட ரெண்டு நாளைக்கு இரவல் கேளு. 8 லட்சத்துக்கு விக்கிறவன் ரெண்டு நாளு தரமாட்டானா? ஓம் சிநேகிதன் எவன்கிட்டயாவது 30,000 ரூவாப் பெட்டி இருக்கும், அதையும் தூக்கிட்டு வா. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வை. முன்னால ஒங்க ஆச்சியோட நூல்சேலையக் கட்டித் தொங்க விடு. பட்டு வேண்டாம், ஜமுக்காளமும் வேண்டாம். கெட்டித் துணி கீச்சுச் சத்தத்தத் தின்னுரும்.

ரெண்டும் ஒரே சத்தத்துல பாடணும். இதுல ஏமாந்துராத. இம்புட்டுப் போல சத்தம் கூட இருந்தாலும் அதுதான் நல்ல பெட்டின்னு மனசு சொல்லும். விக்கத் தெரிஞ்சவனுக்கு விரல் நுனியில இருக்கு அந்த வித்த. சத்தத்த அளக்க ஓம் மொபைல்லயே ஒண்ணு இருக்குமாம், பேத்தி சொன்னா. அந்த வேலைக்காவது அது ஆவட்டும்.

ஓம் பொண்டாட்டியச் சேலைக்குப் பின்னால நிக்கச் சொல்லு. எந்தப் பெட்டின்னு சொல்லாம மாத்தி மாத்திப் போடட்டும். ஒனக்கு மனப்பாடமான பாட்டு ஒண்ணு போதும். பத்துத் தடவ. எது எதுன்னு காலண்டர்த் தாளுக்குப் பின்னால குறிச்சுக்கிட்டே வா. முன்னால உக்காந்துக்கிட்டு கண்ணச் சிமிட்டி சாடை கேக்காத, அவ ஒங்கப்பன் கட்சி.

பத்துல ஒம்போது சரியாச் சொல்லிட்டியா? சொன்னது மட்டும் போதாது, அந்த வித்தியாசம் இல்லாம சோறு எறங்காதுன்னும் தோணுதா? அப்போ வாங்கிக்கோ. ஓம் காது, ஓம் துட்டு. நானே வந்து நல்ல எடம் பாத்து வச்சுத் தாரேன். அஞ்சோ ஆறோதான்னா, அது காசச் சுண்டிப் போட்டுப் பூவா தலையா பாத்தாலும் வாரதுதான். அதுக்கு 8 லட்சம் எதுக்கு?

அப்பவும் சேலைய வெலக்குன ஒடனே, ரெண்டையும் பாத்து, கறுப்புதான் தாத்தா நல்லா பாடுச்சுன்னு ஒனக்குத் தோணும். தோணாம இருக்காது. ஊர்ப் பெரியாளுக்கே தோணுச்சு.

தோணுச்சுன்னா பேங்குக்குப் போகாத, நேரா இங்க வா. ஓம் பழைய பெட்டியத் தூக்கிட்டு வா. பரண்ல அந்த சில்வர் பெயிண்டு இன்னும் அரை டப்பா கெடக்கு. செவப்புக் கோடும் இழுத்துத் தாரேன்.

50 ரூவா கூடக் குடுத்துரு.